தலைவர் பாடிப்போன பாட்டு

விளையாடிய ஏழு ஆட்டத்திலும் தோற்ற மேலக்கரிசல் கபடி அணிக்குத் தலைவர் ரெத்தினசபாபதி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பாடிப்போவதில் சூரனான இசக்கியையும், பிடித்தால் விடாத அந்தோணியையும் பொட்டல்பட்டி அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நாலு கத்துக்குட்டிகளை வாங்குவதாம்.

“எதிர்காலத்தப் பாருங்கப்பா,” என்றார் ஆடுகளத்து ஓரத்தில் நின்று துண்டை உதறிக்கொண்டே.

இருக்கிற இரண்டு ஆளையும் கொடுத்துவிட்டால் அணி ஏது, எதிர்காலம் ஏது? எல்லோருக்கும் சந்தேகம்தான். வாயைத் திறந்தது மாற்று ஆட்டக்காரன் சொக்கையா மட்டும். பெஞ்சைத் தேய்த்ததைத் தவிர அவன் வேறு ஆட்டம் ஆடியதில்லை. ஆனால் அந்த பெஞ்சில் இருந்தபடியே ஊர்ப் பேச்செல்லாம் அவன் காதில் விழும்; காக்கா முதல் கண்டக்டர் வரை எந்தக் குரலும் அவன் தொண்டையில் வரும்.

“இதுல உங்களுக்கு என்ன ஆதாயம் தலைவரே?”

“எலே, ஆதாயம்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா அவங்களோட நீயும் கெளம்பு.”

“நிரூபிக்க நான் யாரு? நம்ம ஆட்ட முறைப்படி நீங்களே ‘ஆதாயமில்ல, ஆதாயமில்ல’ன்னு ஒரே மூச்சுல பாடிப்போய் அந்தக் கோட்டத் தொட்டுட்டு வாங்க. பாட்டு நிக்காம வந்துட்டா நான் கெளம்புதேன்.”

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நன்றாகத்தான் பாடிப்போனார். குனிந்து கோட்டைத் தொட்ட நேரம், முதுகுக்குப் பின்னால் பொட்டல்பட்டித் தலைவரின் மூக்குக் குரல் கேட்டது.

“அண்ணாச்சி, நாம பேசுன பைக் வந்துட்டு. கறுப்பா, செவப்பா?”

“கறுப்பு,” என்றார் தலைவர்.

“பாட்டு நின்னுட்டு தலைவரே,” என்றான் சொக்கையா தன் சொந்தக் குரலில். “நீங்க அவுட்டு. பெஞ்சுல போய் உக்காருங்க, என் எடம் இன்னும் சூடாத்தான் இருக்கு.”