சேவுகனுக்கு ஒரு சீட்

வளைகுடா நாடொன்றில் கொத்து வேலை பார்த்த சேவுகனும் கருத்தப்பாண்டியும் ஒன்றாக ஊர் திரும்ப இருந்தார்கள். அதற்குள் சேவுகன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான், பாவம். அவன் அஸ்திக் கலசத்தோடு வந்த பாண்டி, நடுவழியில் கொழும்பில் பகலெல்லாம் காத்துக் கிடந்து அடுத்த விமானத்துக்கு வரிசையில் நின்றான்.

"மலிவு டிக்கெட்டுக்கு ஒரு பைதான். அந்தச் சாமானை வச்சுட்டுப் போ" என்றார் விமானக் கம்பெனி அதிகாரி.

"சாமான் இல்லீங்கய்யா, இது சேவுகன்."

"ஓஹோ, ஆளா? ஆளுன்னா டிக்கெட் எங்க?"

பாண்டி எடுத்து நீட்டினான். "இந்தாங்க. செத்தாலும் பணம் திரும்பாது, சீட் அவனுக்குத்தான்னு உங்க கம்பெனிதான் சொல்லுச்சு."

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி தலைகுனிந்து வழிவிட்டார்.

கடவுள் கிருபையில் சேவுகன் ஜன்னலோரத்தில், பெல்ட் போட்டு, வீடு போய்ச் சேர்ந்தான்.