மயில் தின்ற நாற்றுக்கு மங்கலத் தாம்பாளம்

ராசாவுக்குப் பிடித்த பொய்யைச் சொல்ல எவனும் யோசிக்க வேண்டியதில்லை. பிடிக்காத உண்மையைச் சொல்லத்தான் மூளை வேண்டும். கருங்கோட்டைப் பாளையத்து அரண்மனையில் அந்த மூளை ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் சபை விகடர் வெள்ளியம்பலம்.

அந்தப் பாளையத்து ராசா சிங்கமுத்துத் துரைக்குக் கப்பல் வணிகன் ஒருவன் ஒரு பை சூரியகாந்தி விதை கொடுத்தான். "இந்தப் பூ சூரியனைப் பார்த்தே திரும்பும்" என்றான். "சூரியன் எதுக்கு? நம்ம மகாராசாவைப் பார்த்துத் திரும்பும்" என்றது சபை. ராசா நம்பிவிட்டார். மறுத்துப் பேச விதைக்கு வாய் இல்லை.

அரண்மனைத் தோட்டத்தில் விதைத்தார்கள். முளைத்து இரண்டு இலை விட்டது. மறுநாள் காலையில் பாதி நாற்றைக் காணோம்.

"நத்தைதான்" என்றார் பிரதானி பிச்சாண்டி. ராசாவுக்கு அடுத்தபடி அதிகாரம் அவருடையது. பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவினார்கள். நாற்று போயிற்று. "அப்படின்னா அணில்" என்றார். வலை கட்டினார்கள். நாற்று போயிற்று. "வெட்டுக்கிளி, சந்தேகமே இல்லே" என்றார். படைவீரர்கள் ஈட்டியோடு பாத்தியில் இறங்கினார்கள். வெட்டுக்கிளி ஒன்றுகூடச் சாகவில்லை. வீரர்களின் காலில் மிதிபட்ட நாற்றுகள்தான் செத்தன.

யார் தின்கிறார்கள் என்று ராசாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அரண்மனை மயில்கள்தான். விடிகிற நேரத்தில் மதிலிலிருந்து இறங்கும். குருத்தைக் கொத்தித் தின்னும். ராசா எழுந்து பல் துலக்குவதற்குள் மறுபடி மதிலேறிவிடும். ஆனால் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காரணம், பிரதானி போட்ட ஒரு சட்டம்.

அரண்மனை மயில் முருகனுடைய மயிலாம். அது ஒருவன் கொல்லையில் மேய்ந்தால் நட்டம் இல்லையாம், அருளாம். மயிலை விரட்டக் கூடாது. அருள் பெற்றவன் பழம், வெல்லம், தேங்காய், புது வேட்டி எல்லாம் வைத்து ஒரு மங்கலத் தாம்பாளத்தைத் தலையில் சுமந்து, வெறுங்காலோடு மேளம் முழங்க வந்து, பிரதானி கையில் கொடுக்க வேண்டும். முகத்தில் சிரிப்பும் வேண்டும். "சனங்க சந்தோசத்துல கொண்டு வர்றாங்க" என்று ராசாவிடம் பிரதானி சொல்லி வைத்திருந்தார். போன ஆடிப் பட்டத்தில் வெள்ளியம்பலமும் சுமந்தார். கம்பங்கொல்லை மொட்டையாகிப் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. அதற்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்ததுதான் நெஞ்சில் நெருப்பாகக் கிடந்தது.

கடைசியில் ராசாவுக்குப் பொறுமை போயிற்று. "நாளைக்குச் சபை கூடும்போது திருடன் யாருன்னு தெரியணும். இல்லேன்னா தோட்டக்காரனுக்குக் கசையடி கொடுத்து, குடும்பத்தோட எல்லைக்கு வெளியே விட்டுட்டு வாங்க."

தோட்டக்காரன் தெய்வச்சிலை வெள்ளியம்பலத்திடம் ஓடிவந்தான். "சாமி, மயிலுன்னு சொன்னா பிரதானி தோலை உரிப்பாரு. சொல்லலேன்னா ராசா உரிப்பாரு. நான் எங்கே போவேன்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்ல பழமா ஒரு சீப்பு வாங்கிட்டு வா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் சபையில் ராசா வந்து அமர்ந்ததும் வாசலில் மேளம் முழங்கியது. வெள்ளியம்பலம் தாம்பாளத்தோடு உள்ளே வந்தார்.

"என்னய்யா இது? திருடனைக் கேட்டா, கல்யாணச் சீர் கொண்டு வர்றே?"

"திருட்டே நடக்கலே மகாராசா. பெரிய பாக்கியம் கிடைச்சிருக்கு. இன்னிக்கு விடியக்காலையில அரண்மனை மயில் உங்க நாத்தைக் கொத்தித் தின்னதை நானே பார்த்தேன். உங்களுக்கு அருள் இறங்கிடுச்சு. மகுடத்தையும் செருப்பையும் கழட்டிட்டு வாங்க. இதைத் தலையில சுமந்து, சிரிச்ச முகமா நடந்து வந்து பிரதானி கையில கொடுக்கணும். சட்டம் அப்படி."

ராசாவின் மீசை துடித்தது.

"நாத்தும் போயி, நான் சுமக்கவும் வேணுமா?"

"ஊரே அப்படித்தான் சுமக்குது மகாராசா. நானும் சுமந்தேன். முதல்ல கொஞ்சம் கழுத்து வலிக்கும்."

பிரதானி பதறி எழுந்தார். "மகாராசா, அந்தச் சட்டம் குடியானவங்களுக்கு. உங்களுக்கு இல்லே."

வெள்ளியம்பலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அபசாரம், அபசாரம். முருகன் அருள் குடியானவனுக்கு உண்டாம், நம்ம மகாராசாவுக்குக் கிடையாதாம். பிரதானி வாயால இதைக் கேக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலே."

"அப்ப இது அருள்தான். மகாராசா, கொஞ்சம் குனிங்க. தாம்பாளத்தை ஏத்திவிடறேன்."

"ஐயோ, வேண்டாம். இது அருள் இல்லே. நட்டம். நட்டம்தான்" என்று பிரதானி உளறிவிட்டார்.

ராசா மெதுவாகத் திரும்பினார். "நட்டமா? அப்ப இத்தனை வருசமா என் சனங்க எதுக்காகச் சிரிச்சுக்கிட்டே சுமந்தாங்க?"

மதிலின் மேலிருந்து ஒரு மயில் மட்டும் அகவியது.

ராசாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. மகுடம் இல்லாமல் தாம்பாளத்தோடு தெருவில் நடக்கும் தன்னை நினைத்துப் பார்த்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்து முடித்து ஆணையிட்டார்: சட்டம் இன்றோடு ஒழிந்தது. தெய்வச்சிலைக்குத் தண்டனை இல்லை, தாம்பாளம் அவன் வீட்டுக்குப் போகட்டும். செடிகள் பூக்கிறவரை மயில்கள் கூண்டில் இருக்கட்டும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளியம்பலம் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"இன்னும் என்னய்யா நிக்கிறே? பரிசு வேணுமா?"

"பரிசு வேண்டாம் மகாராசா. சின்னச் சந்தேகம். நாத்தைத் தின்னதுக்குக் கூண்டு சொல்லிட்டீங்க. தாம்பாளத்தைத் தின்னதுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலியே?"