காவல்காரன் கொடுத்த பேட்டி

"என் பேட்டியை ஏன் ஓரமா எடுத்து வச்சுட்டீங்க மேடம்?"

மாலைப் பத்திரிகையில் தணிகாசலம் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் போலீஸ் ஏட்டு. வணக்கம் சொன்னால்கூட, இவன் எதுக்கு நமக்கு வணக்கம் சொல்றான் என்று யோசிக்கிற மனுஷன்.

தலைமை நிருபர் சைத்தூன் அவரைவிடப் பதினைந்து வயசு சின்னவள். பேட்டி எடுக்கும் வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் அவள்தான். அதிலும் அவருக்குச் சந்தேகம்தான்.

"மர மில் எரிஞ்சதுக்கு யாருண்ணே காரணம்?"

"காவக்காரன் சொரிமுத்து. பீடிய அணைக்காமப் போட்டானாம். முதலாளி சொன்னார். நேத்து நேராப் போய்க் கேட்டேன். ஆமாய்யா நான்தான்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்."

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல என்ன இருக்கு?"

சைத்தூன் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகும். அந்த ஒரு வரி அச்சில் வந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் சொரிமுத்துவை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

"மறுபடி போங்க. நேத்து கேட்ட மாதிரியே கேளுங்க. ஆனா தீயைப் பத்தி வேண்டாம். உங்க மொபெட்டைத் திருடினது அவன்தானேன்னு கேளுங்க."

"என் மொபெட் வாசல்லதானே நிக்குது!"

"அதுலயே போங்க."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வேணும்னே அலைய விடுறாளா? நான் அந்தப் பக்கம் போனதும் பேட்டியைத் தன் பேரில் போட்டுக்கொள்வாளா? இல்லை, அந்தக் காவல்காரன் இவளுக்கு வேண்டப்பட்டவனா?

எதற்கும் இருக்கட்டும் என்று, எழுதிக்கொடுத்த தாளை மேசையிலிருந்து எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சைத்தூன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனார்.

மொபெட் சத்தம் கேட்டதுமே வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த சொரிமுத்து எழுந்துவிட்டான். இரண்டு கையிலும் கட்டு. அந்தக் கையாலேயே தட்டுத்தடுமாறித் தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றினான்.

தணிகாசலம் நேற்றுப் போலவே வண்டியை விட்டு இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. பழக்கதோஷம்.

"டேய் சொரிமுத்து! என் மொபெட்டைத் திருடினது நீதானடா?"

சொரிமுத்து வண்டியைப் பார்த்தான். அதன்மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாங்கய்யா. நான்தான்."

இருபத்தாறு வருஷத்தில் தணிகாசலம் முன்னால் தலைகுனிந்து நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கடவுளே என்றார், வாய்விட்டு.

என்ஜினை அணைத்தார். இறங்கினார்.

"உட்காருங்க சொரிமுத்து. கையில என்னங்க காயம்?"