சிவப்புப் பொட்டு வைத்த ரேம்

"டீச்சர், அந்தப் பிள்ளை பாத்தது தப்பு."

இசக்கிமுத்து கம்ப்யூட்டர் பெட்டியை மேஜை மேல் வைத்த வேகத்தில் நாலு திருகு உருண்டு கீழே விழுந்தது.

பிலோமினா டீச்சர் குனிந்து பொறுக்கினார்.

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். இசக்கிமுத்து அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பதினாலு வருஷமாக அவரிடம்தான் தொழில் கற்கிறார். இன்னுமா கற்கிறார் என்று யாராவது கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வரும்.

"எந்தப் பிள்ளை?"

"கடையில வேற எந்தப் பிள்ளை இருக்கு? தஸ்லிமாதான்."

தஸ்லிமா வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உள்ளறையில் ப்ளோயரை ஓடவிட்டு ஒரு மிஷினில் தூசி ஊதிக்கொண்டிருந்தாள். இங்கே பேசுவது அவள் காதில் விழாது.

"என்ன தப்பு?"

"ஆல்பம் டிசைன் பண்ணுவாரே சகாயம், அவரு மிஷின் இது. ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. இந்தப் பிள்ளை பாத்துட்டு 'மதர்போர்டு அவுட்'னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கு. சகாயம் மூஞ்சி செத்துப்போச்சு. இந்த மாடல் போர்டு இப்ப எங்க கிடைக்கும்? மிஷினையே தூக்கிப் போட வேண்டியதுதான்."

தனக்காக இசக்கிமுத்து இவ்வளவு உருகுவார் என்று சொன்னால் சகாயமே நம்ப மாட்டார். விஷயம் வேறு.

டீச்சர் அடுத்த மாதம் தென்காசியில் இன்னொரு கடை திறக்கிறார். அப்புறம் இந்த மேஜையில் யார் உட்காருவது? பதினாலு வருஷமாக இசக்கிமுத்து அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை காலையில் என்ன ஆயிற்று தெரியுமா? டீச்சர் கரண்ட் சோதிக்கிற தன்னுடைய மல்டிமீட்டரை, ஒருத்தரையும் தொடவிடாத அந்த மீட்டரை, தஸ்லிமா கையில் கொடுத்தார். "இனி இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். இசக்கிமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. ராத்திரி பெண்டாட்டி என்னவென்று கேட்டதற்கு கேஸ் ட்ரபிள் என்றார். கேஸாவது ஒண்ணாவது! பொறாமை. அப்பட்டமான பொறாமை.

"அப்ப போர்டு நல்லாருக்குன்னு சொல்லுதீங்க," என்றார் டீச்சர்.

"சத்தியமா நல்லாருக்கு. ரேம்தான் போயிருக்கு."

ரேம் என்பது உள்ளே செருகுகிற அரைச் சாண் நீள மெமரித் துண்டு. அது கெட்டாலும் திரை எழும்பாது.

"அவ ரேமையும் மாத்திப் பாத்தாளே? நம்ம டெஸ்ட் ரேமைப் போட்டுப் பாத்தா. அப்பவும் வரல. அப்புறம்தான் போர்டுன்னு எழுதினா. முறையாத்தானே செஞ்சிருக்கா?"

டெஸ்ட் ரேம் டிராயரில் கிடக்கும். நல்லது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு ரேம். சிவப்பு நகப்பாலிஷால் பொட்டு வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துச் செருகிப் பார்ப்பார்கள்.

"என்னத்த முறை!" இசக்கிமுத்துவின் குரல் ஏறியது. "அந்தப் பொட்டு வச்ச ரேமே அவுட்டுல்லா! அதைப் போட்டா எந்த மிஷின் வரும்?"

டீச்சர் பொறுக்கிய திருகுகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார்.

"அது அவுட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இசக்கிமுத்து டிராயரைப் பார்த்தார்.

அடப் பாவமே, தானாகப் போய் மாட்டிக்கொண்டாரே!

அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேறொரு மிஷினில் அந்த ரேமைச் செருகிப் பார்த்தவர் அவர்தான். வரவில்லை. புது ரேம் போட்டதும் வந்துவிட்டது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் பண்ணுகிற பார்ட் கெட்டுப்போனால் அந்த நிமிஷமே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லி, வாசலோரத் தகர டப்பாவில் போட வேண்டும். எப்போதிலிருந்து என்றும் சொல்ல வேண்டும். நடுவில் அதை வைத்துப் பார்த்த மிஷினை எல்லாம் திரும்பப் பார்க்கணுமே.

இசக்கிமுத்து அன்றைக்குச் சத்தம் போடவில்லை. ரேமைத் துடைத்து டிராயரிலேயே வைத்தார். உள்ளறையில் தஸ்லிமா கையில் அந்த மீட்டர் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன் டீச்சர்."

டீச்சர் திருகுக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார்.

"மறக்கல," என்றார் இசக்கிமுத்து. "மீட்டரை அவகிட்ட கொடுத்தீங்க. எனக்குப் பொறுக்கல. பதினாலு வருஷம் டீச்சர்! ஒரு நாள் என்னைத் தொட விட்டிருக்கீங்களா?"

"அவளைத் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஒண்ணுமே கிடையாது. அதான் மீட்டரைக் கொடுத்தேன்."

"அப்ப இங்க?"

"இங்க நீங்க இருக்கீங்கன்னு நினைச்சேன்."

இசக்கிமுத்துவால் நாற்காலிப் பக்கம் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தார்.

"இப்பவும் அப்படித்தான் நினைக்கீங்களா டீச்சர்?"

டீச்சர் டிராயரை இழுத்து, பொட்டு வைத்த ரேமை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

பிறகு சகாயத்தின் மிஷினைத் தன் பக்கம் நகர்த்தினார். புது ரேம் ஒன்றைச் செருகி சுவிட்சைத் தட்டினார். திரை எழும்பியது. யாரோ ஒரு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பல் தெரியச் சிரித்தார்.

தகர டப்பா எட்டடி தூரத்தில்தான் இருந்தது. நடந்து போய்ச் சேர்வதற்குள் இசக்கிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது.

"டெஸ்ட் ரேம் அவுட்டு!"

குரல் பாதியில் உடைந்தது. ப்ளோயர் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? இன்னொரு தடவை கத்தினார். ரேமை டப்பாவில் போட்டார்.

ப்ளோயர் நின்றது. தஸ்லிமா தலையை நீட்டினாள்.

"ஐயோ, அதை வச்சுத்தானே நான் சகாயம் சார் மிஷினைப் பாத்தேன்! எப்ப இருந்துண்ணே?"

இப்பத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீச்சர் தலை நிமிரவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு திருகை எடுத்து மிஷினில் முடுக்கிக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமையில இருந்தும்மா," என்றார் இசக்கிமுத்து.