இறக்கி வைத்த குடம்

வயிரவருக்குக் குருவைவிட வயது அதிகம். முப்பது ஆண்டு பட்டு ஜவுளிக்கடை நடத்தி, சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு மலைமேல் இருந்த மடத்துக்கு வந்தவர்.

"நிறங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்துவிட்டது, சுவாமி. இனி எனக்குக் காவி ஒன்று போதும்" என்றார், வந்த அன்றே.

குரு அம்பலவாண சுவாமி உடனே கொடுத்துவிடவில்லை. விறகு வெட்டச் சொன்னார். மாட்டுக்குத் தீனி வைக்கச் சொன்னார். வயிரவர் கேட்பதையும் விடவில்லை. ஒருவழியாக இந்த ஆடிப் பௌர்ணமிக்கு நாள் குறித்தார் சுவாமி.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்குகிறவர் விடிந்ததும் காட்டுக்குள் இருக்கும் சுனைக்குத் தனியே போய், தீட்சைக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். வழியில் குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. அடுத்த ஆடிவரை காத்திருக்க வேண்டியதுதான்.

பௌர்ணமியன்று வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. மணைமேல் காவித்துணி மடித்துத் தயாராக இருந்தது. வயிரவரைக் காணோம்.

நெடுநேரம் கழித்து வந்தார். தோளில் குடம் இருந்தது. முகம்தான் சரியாக இல்லை.

"சுவாமி, இந்தத் தண்ணீர் ஆகாது. குடத்தைக் கீழே இறக்கிவிட்டேன்."

அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார், பாவம்.

"கால் வழுக்கியதா?"

"இல்லை, சுவாமி. ஒரு அந்துப்பூச்சி."

"நம் அரிசிப் பானையில் வருமே, அதுவா?"

"ஐயோ, அது இல்லை!" வயிரவரின் குரல் உயர்ந்துவிட்டது. "என் இரண்டு கையையும் விரித்துச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு பெரிசு! அப்போதுதான் கூட்டைவிட்டு வந்து, சிறகு காய அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. செங்கல் என்றும் சொல்ல முடியாது, குங்குமம் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு நிறம். சிறகின் நுனியில் பாம்புத் தலை மாதிரி ஒன்று. கண்கூட வைத்திருக்கிறது!"

"பாதையை மறித்திருக்கும்" என்றார் குரு. "குடம் இடித்து ஈரச் சிறகு கிழியக் கூடாதே என்று இறக்கியிருப்பீர். உயிருக்காக இறக்கினால் குற்றமில்லை."

வயிரவர் மணையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் காவி அவருடையது.

"இல்லை, சுவாமி. போக இடம் இருந்தது. தாராளமாகவே இருந்தது. தாண்டியும் போய்விட்டேன். திரும்பி வந்துதான் இறக்கினேன். பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் பார்த்தீர்?"

"தெரியவில்லை. சிறகு நாலிலும் ஒவ்வொரு முக்கோணம், நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் பின்னால் இருக்கும் இலை தெரிகிறது, சுவாமி! முப்பது வருஷம் பட்டு விற்றேன். நெய்யாமல் விட்ட இடம் இத்தனை அழகாக இருந்து நான் பார்த்ததில்லை."

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. தலை கவிழ்ந்தார்.

"கண் அலுத்துவிட்டது என்று உங்களிடம் பெரிதாகச் சொன்னேன். ஒன்றும் அலுக்கவில்லை. எனக்குக் காவி கட்டத் தகுதியில்லை, சுவாமி."

குரு எழுந்தார். மணையைத் தாண்டி முற்றத்தில் இறங்கினார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னும் அங்கேதான் இருக்கிறதா?"

"இருக்கும். நான் வரும்போது சிறகு முழுக்கக் காய்ந்திருக்கவில்லை."

"பிறகென்ன, நிற்கிறீரே! வாரும்."

வயிரவருக்கு ஒன்றும் புரியவில்லை. குடத்தையும் பார்த்தார், காவியையும் பார்த்தார்.

"சுவாமி, தீட்சை?"

"அது பறந்துவிடாது. நீர் முன்னால் போம். நான் பின்னால் வருகிறேன்."