குடத்துக்கு ஒரு கட்டியம்

ஊற்றுக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். ஊற்று பெயரில் மட்டும்தான். குடிக்கிற தண்ணீரிலிருந்து கால் கழுவுகிற தண்ணீர் வரை எல்லாம் பக்கத்து மலைநாட்டிலிருந்து வாய்க்காலில் வரவேண்டும். மலைநாட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? மாதம் பிறந்தால் கட்டண ஓலை வந்துவிடும்.

அந்த மாத ஓலையைப் பிரித்ததும் மன்னர் அடலேறு மாறனுக்கு மீசை தொங்கிப்போயிற்று.

"அமைச்சரே, இது தண்ணீருக்கு விலையா, மலைக்கே விலையா?"

முதலமைச்சர் ஆலாலசுந்தரர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பேச்சு மூக்கு வழியாகத்தான் வரும். "தீர ஆராய்ந்துவிட்டேன், மன்னா. வீணடிப்பது பின்கட்டுத் தெருதான். சமையல்காரர்கள், சாமரம் வீசுபவர்கள், பல்லக்குத் தூக்கிகள் எல்லாரும் அங்கேதானே குடியிருக்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் போகிற மடையை அடைத்துவிட்டால் கட்டணம் பாதியாகிவிடும்."

"பிறகு அவர்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள்?"

"ஆற்றுக்கு, மன்னா. ஒரு காதம்தான். உடம்புக்கும் நல்லது."

இதைச் சொன்னவர் வீட்டு வாசலில், தூசு அடங்குவதற்காகத் தினமும் ஒரு குளம் அளவு தண்ணீரைக் கொட்டுவார்கள். மன்னர் மட்டும் இளைத்தவரா? உடம்பு நனைய ஐந்து குடம், பெருமை நனைய ஐம்பது குடம் என்று குளிப்பவர். சபையில் இது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாத்தன் மட்டும் எழுந்தான். அரசவையில் அவனுக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வாய்தான் உத்தியோகம்.

"மடையை அடைக்கவேண்டாம், மன்னா. அரண்மனைத் தண்ணீரிலேயே குறைத்து, கட்டணத்தைப் பாதியாக்கிக் காட்டுகிறேன்."

"என் குளியலில் கைவைக்கப் போகிறாயா?"

"ஐயையோ. யாரையும் தடுக்கமாட்டேன். ஒரு குடத்தைக்கூட ஒளித்துவைக்கமாட்டேன். அவரவர் இஷ்டம்போல ஊற்றிக்கொள்ளலாம்."

அமைச்சர் மூக்கால் சிரித்தார். "குறையாவிட்டால்?"

"குறையாவிட்டால் மடையை அடைத்துவிடுவோம். அந்தத் தெரு முழுவதற்கும் இவனே ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கட்டும்," என்றார் மன்னர். "அடுத்த ஓலை வரும்வரை உனக்குத் தவணை, சாத்தா."

"சரி, மன்னா. ஒரே ஒரு விண்ணப்பம். நீங்கள் தும்மினால்கூட நம் கட்டியக்காரர் கோபுரத்தில் ஏறி ஊருக்கு அறிவிக்கிறார். அரண்மனை மரபு. ஆனால் நீராடும்போது மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஏதோ களவாகக் குளிப்பதுபோல இருக்கிறது. இனிமேல் பெரியவர்கள் தண்ணீர் செலவழித்தால், குடத்துக்கு ஒரு கட்டியம் முழங்கவேண்டும்."

மன்னருக்கு மார்பு விரிந்தது. "அட, இத்தனை நாள் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?"

"எனக்கும் உண்டா?" என்றார் அமைச்சர்.

"உங்களுக்கு இல்லாமலா?" என்றான் சாத்தன்.

மறுநாள் காலை கட்டியக்காரர் வீரபாகு கோபுரத்தில் ஏறினார். அவர் இருமினாலே இரண்டு தெரு திரும்பிப் பார்க்கும்.

"ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, பகைவர் குலக் கோடரி, அடலேறு மாறர் நீராடுகிறார், பராக்! முதல் குடம்!"

ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

பத்தாவது குடத்தில் கை இறங்கியது. இருபதாவதில் கடைவீதியில் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, ராஜா ராத்திரி முழுக்கச் சேற்றிலா புரண்டார்?"

"பகைவர் குலக் கோடரி, இடது முழங்காலுக்கு மட்டும், முப்பதாம் குடம்!"

"அந்த முழங்காலில் ஏதோ கோளாறு," என்றாள் மோர் விற்கிறவள். "வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்க."

ஊர் சிரித்த சிரிப்பு குளியலறைச் சன்னல் வழியே உள்ளே போயிற்று. அடுத்த குடம் மன்னர் கையிலேயே நின்றது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் துவட்டிக்கொண்டார். மறுநாள் பத்துக் குடத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் நாலே குடம்.

அமைச்சருக்கும் மரியாதை நடந்தது.

"மூதறிஞர், நீதியின் திருவுருவம், ஆலாலசுந்தரர் வீட்டு வாசல் தூசுக்கு, அறுபதாம் குடம்!"

மறுநாள் பின்கட்டுத் தெருவே வந்து அவர் வாசலில் வரிசையாக நின்றது. ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்தினார். வாசல் தெளிப்பதை நிறுத்தினார். குளித்தாலும் கத்துவானே என்று குளியலையும் நிறுத்தினார். வீரபாகு விடுகிறவரா?

"நீதியின் திருவுருவம், இன்றும், ஒன்றுமில்லை!"

மாதம் பிறந்தது. ஓலை வந்தது. கட்டணம் பாதிக்கும் கீழே. மன்னர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோது அமைச்சர் முன்னால் வந்தார்.

"மன்னா, குறைந்தது யாரால்? என்னைப் பாருங்கள். தலையில் தண்ணீர் பட்டு எத்தனையோ நாளாயிற்று. செத்தா போய்விட்டேன்? தண்ணீர் இல்லாமலே மனிதன் இருக்கலாம் என்று நிரூபித்திருக்கிறேன். பின்கட்டு மடையையும் அடைத்துவிட்டால், அடுத்த மாதம் ஓலையில் எழுதவே ஒன்றும் இருக்காது."

"ஒன்றுமே இருக்காதா?" மன்னருக்குக் கண் மின்னியது. கொடுத்த வாக்கு கொஞ்சம் ஆடியது.

அமைச்சர் உற்சாகமாக இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார். சாமரம் வீசியவன் காற்றை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் தள்ளினான். மன்னர் மேலாடையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"அமைச்சர் சொல்வது சரிதான், மன்னா," என்றான் சாத்தன். "அடைத்துவிடலாம். ஆனால் பின்கட்டுத் தெருக்காரர்கள் அப்புறமும் இங்கேதானே வேலைக்கு வருவார்கள்? சாமரத்துக்கு இரண்டு ஆலாலசுந்தரர். பல்லக்குக்கு எட்டு ஆலாலசுந்தரர். அப்புறம் உங்களுக்குச் சோறு பிசைந்து உருண்டை பிடிக்க..."

"போதும்டா, போதும்." மேலாடைக்குள்ளிருந்து மன்னரின் சிரிப்பு குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தது. "மடையை இன்னும் அகலமாகத் திறந்துவிடுங்கள். முதலில் இவரை அங்கே கொண்டுபோங்கள். சாத்தா, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"எனக்கென்ன, மன்னா. நாளையிலிருந்து காற்று வருகிற பக்கமாக ஓர் ஆசனம் போடுங்கள். போதும்."

அன்று மத்தியானம் கோபுரத்தில் வீரபாகு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மூதறிஞர், நீதியின் திருவுருவம், ஆலாலசுந்தரர், பின்கட்டுத் தெரு நடுவில், நூறாம் குடம்!"

அன்றைக்கு மட்டும் தண்ணீர் வீணாகிறதே என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.