புள்ளியைக் கழுவிய மான்

ஒரு காட்டில் விடியற்காலைதோறும் பனிமூட்டத்துக்குள் யாரோ நடப்பார். அவரைக் கண்ணால் பார்த்த விலங்கு கிடையாது. காலடித் தடமும் விழாது. புல் மட்டும் ஒரு யானை அகலத்துக்குச் சாய்ந்துகொண்டே போகும். சாய்ந்த இடத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அவர்தான் கடவுள் என்று விலங்குகளுக்குத் தெரியும். “ஐயா” என்று கூப்பிடும்.

அந்தக் காட்டில் கோயில் இல்லை, பூசை இல்லை. ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. புல் சாயும்போது அதன் பக்கத்தில் கூடவே நடக்க வேண்டும். மனதில் இருப்பதைச் சொல்லலாம். சும்மாவும் நடக்கலாம். பதில் வராது. ஆனாலும் நடந்துவிட்டு வந்த விலங்கு அன்றைக்குத் தன்னை அனாதை என்று நினைக்காது.

செவ்வி என்ற புள்ளிமான் குட்டியாக இருந்தபோதிலிருந்தே அப்படி நடந்தவள். கரியான் என்ற காட்டுப்பன்றியும் நடப்பான். அவனுக்கு உடம்பெல்லாம் சேறு. வாயைத் திறந்தால் முறையீடு. எப்போதோ ஒரு மழைக்காலத்தில் முள்ளம்பன்றி ஒன்று அவனுடைய கிழங்குகளைத் தோண்டித் தின்றுவிட்டது. அதை அவன் மன்னிக்கவே இல்லை. தினமும் முதலிலிருந்து கடைசிவரை அதையே கடவுளிடம் சொல்வான். பக்கத்தில் நடக்கும் செவ்விக்குத்தான் கூச்சமாக இருக்கும். புல்லோ அவன் நடைக்கு ஏற்றபடி மெல்லச் சாய்ந்துகொண்டு போகும்.

மான்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சிறுத்தையை யார் முதலில் பார்த்தாலும் நின்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட வேண்டும். ஒரு பிற்பகலில் மூங்கில் புதருக்குள் இரண்டு கண்களைச் செவ்விதான் முதலில் பார்த்தாள். குரல் கொடுக்கவில்லை. கால்கள் மட்டும் ஓடின. தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்த அவளுடைய அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் இல்லை.

செவ்வி சிறுத்தையைப் பார்த்தது யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது.

மறுநாள் விடியலில் புல் சாய்ந்துகொண்டே அவள் படுத்திருந்த இடத்துக்கு வந்தது. செவ்வி புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இப்படி ஒரு பாவத்தை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் எந்த முகத்தோடு நடப்பது, முதலில் சுத்தமாக வேண்டும், பிறகு போகலாம் என்று நினைத்தாள். புதருக்கு எதிரே புல் வெகுநேரம் சாய்ந்தபடியே இருந்தது. பிறகு மெல்ல விலகிப் போனது.

காட்டின் தென்கோடியில் ஒரு குளம் இருந்தது. அங்கே தவளை கத்தாது. காற்று அடித்தாலும் அலை எழும்பாது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர் என்று பேர்; ஆனால் குடிக்க யாரும் போவதில்லை. செவ்வி அங்கே போனாள். செய்ததை எண்ணி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனது அவளுக்கே தெரியாது.

கரையில் குனிந்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. ஆனால் கண்கள் மட்டும் மஞ்சளாக இருந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

“வந்துவிட்டாயா, கூப்பிடாமல் ஓடியவளே.”

செவ்விக்கு மயிர் சிலிர்த்தது. நீ யார் என்று கேட்டாள்.

“நான்தான் நீ. உண்மையான நீ. உன் உடம்பைப் பார். எத்தனை புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு குற்றம்.”

எல்லா மான்களுக்கும் புள்ளி இருக்கிறதே என்று அவள் தயங்கினாள். அவர்கள் கதை அவர்களோடு இருக்கட்டும், புள்ளி இல்லாத உடம்போடு போனால்தான் கடவுள் உன்னைப் பக்கத்தில் சேர்ப்பார் என்றது குரல். செவ்விக்கு அது நியாயமாகவே பட்டது. குற்றம் செய்தவளுக்குத் தண்டனை சொல்கிற எதுவும் நியாயமாகத்தான் படும்.

அன்று முதல் கரைப்பாறையில் உடம்பைத் தேய்த்தாள். மயிர் உதிர்ந்தது. தோல் கிழிந்தது. ஒரு புள்ளி போனால் குரல் இன்னொன்றைக் காட்டும். மேய்வது ஆசை என்றது, மேய்ச்சலை விட்டாள். கூட்டத்தோடு படுப்பது சுகம் என்றது, கூட்டத்தை விட்டாள். அக்காவை நினைத்து அழுவதும் அழுக்கு என்றது, அழுகையையும் விட்டாள். ஒவ்வொரு நாளும் குரல் அவளைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கூடுதலாக இறங்கச் சொன்னது.

இப்போதெல்லாம் விடியல் நடை சீக்கிரமே முடிந்துவிட, கரியான் ஒருநாள் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்து மலைத்துப் போனான்.

“என்ன புள்ள இது, உரிச்சுப் போட்ட மாதிரி நிக்கிற?”

“சுத்தமாகிறேன் அண்ணே. முடிந்ததும் ஐயாவோடு நடக்க வருவேன்.”

“சுத்தமானாத்தான் அவரோட நடக்கணும்னா, நானெல்லாம் இந்தச் சென்மத்துல நடக்க முடியாது.”

“உங்களுக்கு வெட்கம் இல்லை, நடக்கிறீர்கள். எனக்கு இருக்கிறது.”

கரியானுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். மறுநாள் விடியலில் முள்ளம்பன்றியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் செவ்வியைப் பற்றியும் கடவுளிடம் கோள் சொன்னான். சொல்லச் சொல்லக் கோபம் எங்கோ போய்விட்டது. அவள் செத்துவிடுவாள் போலிருக்கிறது ஐயா என்று முடித்தான். பக்கத்தில் பார்த்தால் புல் நிமிர்ந்திருந்தது. அவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு, தெற்குப் பக்கம் புல் வேகமாகச் சாய்ந்துகொண்டு போனது.

“நான் பேசிக்கிட்டிருக்கேன்ல!” என்று கத்திக்கொண்டே கரியான் பின்னால் ஓடினான்.

அந்த நேரத்தில் செவ்வி வயிறு நனையும் அளவுக்குத் தண்ணீரில் நின்றிருந்தாள். சேறு முழங்கால்களைப் பிடித்திருந்தது. பனி குளத்தின் மேல் வெள்ளைத் துணியாகக் கிடந்தது.

“இன்னும் ஒரே ஒரு அடி. அடியில் பார். சுத்தமாக வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்” என்றது குரல்.

செவ்வி பார்த்தாள். குளத்தின் அடியில் எலும்புகள் கிடந்தன. மான் தலை, முயல் விலா, குரங்கின் கை. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை.

அவளுடைய முகம் தண்ணீரில் இரண்டாகப் பிளந்தது. அதற்குக் கீழிருந்து ஒரு முதலை, அதே மஞ்சள் கண்களோடு மெல்ல மேலே வந்தது. அதற்கு அவசரம் இல்லை. பட்டினி கிடந்த கால்கள் ஓடாது என்று அதற்குத் தெரியும்.

செவ்வி இழுத்துப் பார்த்தாள். கால் வரவில்லை. சுத்தமாகவும் ஆகவில்லை, இனி ஆகவும் நேரமில்லை என்று புரிந்தது. அப்போதுதான் பல நாளாகப் பேசாத ஒருவரிடம் பேசினாள்.

“ஐயா, நான் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை. அக்கா செத்துப் போனாள். எனக்கு இதைக் கழுவத் தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் பயமாக இருக்கிறது.”

பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. காற்று இல்லாத குளத்தில் அவளுக்கும் முதலைக்கும் நடுவே தண்ணீர் பள்ளமாக அமுங்கியது. யாரோ இறங்கி நிற்பது போல அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. முதலை அதைத் தாண்டி வரவில்லை. மஞ்சள் கண்களை மூடிக்கொண்டு, வந்த வழியே கீழே போனது.

கரியான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். நேரே சேற்றில் குதித்தான். மூக்கை அவள் வயிற்றுக்குக் கீழே கொடுத்துக் கரைக்குத் தள்ளினான். இரண்டு பேரும் தலை முதல் கால்வரை கறுப்பாக எழுந்து நின்றார்கள். கரியான் குளத்தைச் சுற்றிப் பார்த்தான்.

கரை முழுவதும் புல் தரையோடு தரையாக அமுங்கி, பழுத்து மஞ்சளாகிக் கிடந்தது. ஒரே நாளில் அப்படி ஆகாது. அவள் உடம்பைத் தேய்த்த நாளெல்லாம் யாரோ அவளுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அதான் தினமும் என்னைய சீக்கிரமா அனுப்பிவிட்டாரு” என்று கரியான் முனகினான்.

பனிக்குள் புல் வடக்கே சாயத் தொடங்கியது. செவ்வி சேறும் ரத்தமுமாக அதன் பக்கத்தில் நொண்டி நடந்தாள். நடந்துகொண்டே அக்காவுக்காக அழுதாள். அவள் நொண்டிய வேகத்துக்குத்தான் புல்லும் சாய்ந்தது.

குற்றமில்லாதவராக ஆன பிறகு கடவுளிடம் போகலாம் என்று காத்திருப்பவர் அழிந்துபோவார். குற்றத்தோடேயே அவருடன் நடப்பவர் பிழைத்துக்கொள்வார்.